பந்திலைதான் பட்டது

போன ஒக்டோபரிலிருந்து விசிலை வாயில் வைக்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. ஆனாலும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன். விட்டுவிட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டிவரும்.

மொன்றியலில் ஒரு தமிழ்ப் பொம்பிளை அரைக் காற்சட்டையோடு உதைபந்தாட்ட மைதானத்தின் நடுவில் நிற்பதைப் பார்த்தால் எங்கள் சனம் முதலில் சிரிக்கும், பிறகு எந்த ஊர் என்று விசாரிக்கும். இரண்டுக்கும் பழகிப்போனவள் நான். வார நாட்களில் செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டறியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை. இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு பொம்மை லொறிக்காக ஆளையாள் கடிக்கும்போது விலக்கிவிடுவதும், மூக்குத் துடைப்பதும், நித்திரையாக்குவதும் என் தொழில். சனி ஞாயிறுகளில் அதையே கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்கிறேன். "மூக்குத் துடைக்கிறது மட்டும்தான் மிச்சம்" என்பார் என் வீட்டுக்காரர்.

இந்த வேலைக்கு நான் வந்தது என் வாயால். மகன் சிறுவனாக இருந்தபோது அவன் விளையாடும் இடமெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டித் தீர்ப்பேன், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும். ஒருநாள் அங்கே பொறுப்பாக இருந்த மனுசன் வந்து, மடாமுக்கு இவ்வளவு நன்றாகக் கண் தெரிகிறதே, நடுவர் வகுப்புக்கு வரலாமே என்றார். கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த கிழமையே போய்ப் பேர் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய கால்கள், ஓட்டம் முற்றாக மறந்துபோகவில்லை. பரீட்சையில் தேறியும் விட்டேன்.

முதலில் எங்கள் ஆட்களின் போட்டிகளுக்குத்தான் கூப்பிட்டார்கள். கோடையில் பழைய மாணவர் சங்கங்கள் பூங்காக்களில் நடத்துவார்களே, ஒருபக்கம் கொத்துரொட்டி, மறுபக்கம் ஒலிபெருக்கி, அந்தப் போட்டிகள். அங்கே நடுவருக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. அவ எந்தப் பள்ளிக்கூடம், புருசன் எந்தப் பள்ளிக்கூடம், மச்சாள் எங்கே சம்பந்தம் செய்திருக்கிறா, இதுதான் சட்டம். ஒருமுறை ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு பெனல்டி கொடுத்தேன். பந்து கையில் பட்டதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். "அக்கா தன்ரை ஆக்களுக்குக் குடுத்திட்டா" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். அந்தக் கோடை முழுவதும் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் இதே கதை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இனித் தமிழாட்கள் விளையாடும் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு கல்லூரி ஆட்டங்களுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இங்கே பிள்ளைகள் படிக்கிற சேஜெப் கல்லூரிகள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நான் வெறும் மடாம். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அந்த நிம்மதிக்குள்தான் ஆறாம் இலக்கச் சட்டையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

பெண்கள் அணி. அவள் பின்வரிசையின் நடுவில் விளையாடுகிறவள், அணித் தலைவியும் அவள்தான். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு ஆட்டத்தில் என்னைப் பார்த்ததும் "நீங்கள் தமிழோ அன்ரி?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் அன்ரி. மற்றப் பிள்ளைகள் மடாம் என்பார்கள், இவள் அன்ரி என்பாள். எங்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படிக் கூப்பிடும்? அம்மாவின் வயதுத் தமிழ்ப் பொம்பிளையை அன்ரி என்று சொல்லாமல் மடாம் என்றால் வீட்டுக்குப் போனதும் வாயில் போட்டிருப்பார்கள்.

அரையிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வெயில் இருந்தது, ஆனால் காற்று காதை அறுத்தது. காசு சுண்டுவதற்கு இரண்டு தலைவிகளையும் கூப்பிட்டேன். சுண்டி முடிந்து மற்றவள் திரும்பிப் போக, இவள் மட்டும் ஒரு கணம் நின்றாள்.

"அன்ரி, இண்டைக்கு வெண்டால் பைனல். பைனலுக்கு யூனிவேர்சிற்றி கோச் ஒராள் என்னைப் பாக்க வாறார். அவருக்குப் பிடிச்சால் அடுத்த வருசம் அவையின்ரை ரீமிலை எடுப்பினம்."

"நல்லது பிள்ளை. போய் விளையாடு" என்றேன்.

அவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து எனக்கும் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பிள்ளை வெல்ல வேண்டும் என்று என் மனசு அந்த நிமிடமே சாய்ந்துவிட்டது, அது சாய்ந்ததை நானே கண்டுகொண்டேன், பயந்தும் போனேன். வந்த வினையெல்லாம் அந்தப் பயத்தால்தான்.

முதல் பாதியில் அவள் எதிரணிப் பெண் ஒருத்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் அட்டை காட்டினேன். சரியான அட்டை. அவளும் கையைத் தூக்கி, "சொறி அன்ரி, பிழைதான்" என்றாள். "சரி, கவனம் பிள்ளை" என்று வாய்தவறித் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அது எதிரணிப் பயிற்சியாளர் நின்ற இடத்துக்கு முன்னால்.

இடைவேளையில் அவர் என் பக்கத்தில் வந்தார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் வந்தார். அந்தப் பெண் உங்கள் குடும்பமா மடாம் என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன். உங்களைச் சித்தி என்றோ மாமி என்றோ கூப்பிடுகிறாளே, என் அணியிலும் முன்பு ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள், அன்ரி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றார். எங்கள் ஆட்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கடைக்காரியையும் கூப்பிடுவார்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் நீங்கள் எல்லாருமே ஒரே குடும்பம் என்று சிரித்தார். நான் விளக்க விளக்க எனக்குச் சொந்தம்தான் கூடிக்கொண்டு போனது. அவர் போன பிறகு என் காது இரண்டும் கொதித்தன. பூங்காவில் கேட்ட அந்த ஒலிபெருக்கி திரும்பவும் கேட்பது மாதிரி இருந்தது. தன்ரை ஆக்களுக்குக் குடுத்திட்டா.

இரண்டாம் பாதியில் இவளுடைய அணி ஒரு கோல் போட்டு முன்னால் நின்றது. எதிரணி விழுந்தடித்துத் தாக்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய முன்வரிசைப் பெண் பந்தோடு பெனல்டிப் பெட்டிக்குள் ஓடி வந்தாள். ஆறாம் இலக்கம் பக்கவாட்டில் சறுக்கிக் காலை நீட்டினாள். பந்து திசை மாறி வெளியே போனது. அதற்குப் பிறகுதான் மற்றவள் இவளுடைய காலில் தடக்கி விழுந்தாள்.

நான் நல்ல இடத்தில் நின்றேன். வெயில் கண்ணில் படவில்லை, இடையில் யாரும் மறைக்கவில்லை. பந்து திசை மாறியதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். ஆனாலும் விசில் ஊதிவிட்டேன். எதிரணிப் பயிற்சியாளர் கத்திய சத்தம் எனக்குள் முதலில் போனதா, என் கை முதலில் எழும்பியதா, தெரியாது. கை பெனல்டிப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றது, எடுக்கவும் முடியவில்லை.

அவளுடைய அணிப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவள் இரண்டு கையையும் விரித்து அவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டுத் தனியாக வந்தாள். தலைவி மட்டும்தான் நடுவரிடம் வந்து கேட்கலாம், அதுதான் முறை. அவள் முறைப்படிதான் வந்தாள். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. என் அவமானம் மற்றவர்களுக்குத் தெரியவேண்டாம் என்றோ என்னவோ, குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னாள்.

"அன்ரி, பந்திலைதான் பட்டது. நீங்கள் பாத்தனீங்கள்."

பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சுற்றிவர எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை ஒரு தமிழ் நடுவரின் காதோடு காதாக ஏதோ கதைக்கிறது. அந்தப் பயிற்சியாளர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். என் கை சட்டைப் பைக்குள் போனது. மஞ்சள் அட்டை. அது இரண்டாவது என்பதால் அடுத்ததாகச் சிவப்பு அட்டை. நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கதைத்த குற்றம்.

அவள் கையிலிருந்த தலைவிப் பட்டியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடந்து போனாள். என்ன சொன்னாள் என்று என் கோட்டு நடுவர் கேட்டார். வாய் காட்டினாள் என்றேன். தமிழ் தெரியாத இடத்தில் பொய் சொல்வது எவ்வளவு சுகம்.

பெனல்டியைக் கோல்காப்பாளர் பிடித்துவிட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று அணி தப்பிவிட்டது, பத்துப் பேரோடு நின்று வென்றும் விட்டார்கள். எல்லாரும் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். அவள் மட்டும் வேலிக்கு வெளியே ஜாக்கெட்டைப் போர்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டம் விளையாட முடியாது. அவளுக்கு அடுத்த ஆட்டம் வருகிற ஞாயிறு நடக்கும் பைனல், அந்தப் பல்கலைக்கழகக்காரர் வருகிற பைனல்.

திங்கட்கிழமை நடுவர்களை நியமிக்கிற அதிகாரி தொலைபேசி எடுத்தார். நல்ல மனுசன், எனக்கு எப்போதும் ஆதரவாக இருந்தவர். எதிரணிப் பயிற்சியாளரே உங்களைப் புகழ்கிறார், தன் இனத்துப் பிள்ளை என்றும் பார்க்காமல் வெளியே அனுப்பினாவாம், அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது என்றார். பிறகு, பைனலுக்கு நடுவராக நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்றார்.

எத்தனை வருடம் மழையில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஊதியிருப்பேன். பைனலின் நடுவில் ஒருநாளாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை. மெர்சி, மெர்சி என்று இரண்டுதரம் நன்றி சொன்னேன். போனை வைத்த பிறகுதான் மற்றது உறைத்தது. பிழை என்று இப்போது சொன்னால் பைனல் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் பைனல் போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் இன்னொருத்தியின் கதையாக இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் வீட்டுக்காரர் தன்னுடைய போனை என் முன்னால் வைத்தார். யாரோ எடுத்த வீடியோ, டொலார்ட் பக்கத்தில் இருக்கிற எங்கள் கோயில் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. தமிழ் ரெபரிக்கு வாய் காட்டிய தமிழ்ப் பிள்ளை வெளியேற்றம் என்று தலைப்பும் போட்டிருந்தார்கள். எடுத்தவர் பின்னால் நின்றபடியால் பந்து திசை மாறியது அதில் தெரியவில்லை. அவள் என் அருகில் வருவதும், நான் அட்டையைத் தூக்குவதும் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"என்ன சொன்னவள்?" என்று கேட்டார்.

"பந்திலைதான் பட்டது எண்டு சொன்னவள்."

"பட்டதோ?"

"ஓம்."

அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உதையே ஒரு வெள்ளைப் பிள்ளை பிரெஞ்சிலை வந்து சொல்லியிருந்தால் நீர் என்ன செய்திருப்பீர்?"

"போய் விளையாடு பிள்ளை எண்டிருப்பன்."

"அப்ப எழுதிக் குடும்."

"எழுதுவம், எழுதுவம்" என்றேன். எரிச்சலும் வந்தது. "நீங்கள் ஒருநாளும் விசில் பிடிச்சுப் பாத்தனீங்களோ? சும்மா இருந்து சொல்லலாம்." அவர் எழும்பிக் கை கழுவப் போனார். நான்தான் தேவையில்லாமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

விதி என்னவென்றால், நடுவரே தன்னுடைய பிழை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் ஒழுக்காற்றுக் குழு அட்டையைத் திரும்பப் பார்க்கும். அதற்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை கார்டறியில் பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டுப் போனை எடுத்தேன். நாலு வரி எழுதினேன். அழித்தேன். திரும்பவும் எழுதினேன். ஒரு குழந்தை எழும்பி அழுதது, போனைக் கீழே வைத்துவிட்டு அதைத் தூக்கினேன். அந்தக் குழந்தை ஐந்து நிமிடத்தில் திரும்பத் தூங்கிவிட்டது. நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் உலாவினேன். தாய் வந்து, ஐயோ இவ்வளவு நேரமும் தூக்கி வைத்திருந்தீர்களா என்று நன்றி சொன்னாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நேரம் பார்த்தேன், கடந்துவிட்டிருந்தது. அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை. ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பு.

சனிக்கிழமை காலை தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. மரியாதையான குரல்.

"அக்கா, நான் அந்த ஆறாம் நம்பர்ப் பிள்ளையின்ரை அப்பா. கோயில் ஆக்களிட்டைத்தான் உங்கடை நம்பர் வாங்கினனான். ஒருக்கா வீட்டை வந்து போகலாமோ?"

சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வரட்டும், வந்து நாலு வார்த்தை திட்டினால் எனக்கும் பாரம் குறையும் என்றுதான் வரச் சொன்னேன்.

மத்தியானத்துக்குப் பிறகு மூன்று பேரும் வந்தார்கள். தாயின் கையில் ஒரு கேக் பெட்டி, தகப்பனின் கையில் ஒரு பை அப்பிள்பழம். வெறுங்கையோடு வரக்கூடாது என்று வாங்கி வந்திருக்கிறார்கள். அந்தப் பையைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. திட்ட வருகிறவர்கள் பழம் கொண்டுவர மாட்டார்கள்.

தகப்பன் சோபாவின் நுனியில் இருந்தார். "அக்கா, நான் ஹார்பரிலை கொண்டெயினர் இறக்கிற பக்கம் வேலை. அண்டைக்கு லீவு கிடைக்கேல்லை, மட்சுக்கு வர ஏலாமப் போச்சு. வந்திருந்தால் அந்த இடத்திலையே இவளைக் கொண்டு மன்னிப்புக் கேக்க வைச்சிருப்பன். ஒரு தமிழ்ப் பொம்பிளை இவங்களுக்கு நடுவிலை விசிலோடை நிக்கிறா எண்டு வேலையிலை எல்லாருக்கும் பெருமையாச் சொல்லித் திரியிறனான். கடைசியிலை என்ரை பிள்ளையே உங்களுக்கு வாய் காட்டினாள் எண்டால், நான் எங்கை போய் முகத்தை வைக்கிறது?"

"அன்ரியிட்டைக் கேள்" என்றா தாய்.

அவள் எழும்பி நின்றாள். மைதானத்தில் உயரமாகத் தெரிந்தவள், என் வீட்டு வரவேற்பறையில் சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள்.

"சொறி அன்ரி" என்றாள்.

 அந்த ஒரு சொல்லின் கடனை என் வாழ்நாள் முழுவதும் கொடுத்தாலும் தீராது. தேத்தண்ணியோடு வந்த என் வீட்டுக்காரர் குசினி வாசலிலேயே தட்டோடு நின்றுவிட்டார். அவர் என்னைத்தான் பார்த்தார்.

தகப்பன் தொடர்ந்து கதைத்தார். சின்ன வயதிலிருந்து இவளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர்தானாம். இரவு வேலை முடித்து வந்து, தூங்காமல், பனிக்காலத்திலும் காரைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். "ஆனால் மரியாதையைப் பழக்காத விளையாட்டு எங்களுக்கு என்னத்துக்கு அக்கா? இதோடை பந்தடி போதும் எண்டு சொல்லிப்போட்டன். யூனிவேர்சிற்றிக்குப் போகட்டும், படிக்கட்டும்." அவளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். சட்டப்படி அவளை யாரும் தடுக்க முடியாது. ஆனால் எங்கள் வீடுகளில் சட்டம் வாசலில் செருப்போடு நிற்கும், உள்ளே வராது.

அப்போதுதான் சொன்னேன்.

"தம்பி, பொறுங்கோ. பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலைதான். பந்திலைதான் பட்டது. நான் பாத்தனான். பாத்துப்போட்டுத்தான் ஊதினனான். அவள் வந்து மரியாதையாத்தான் கேட்டவள். நான்தான் ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டு பயந்து அவளை வெளியிலை விட்டனான்."

 இப்போது எழும்பித் திட்டுவார் என்று காத்திருந்தேன். தகப்பன் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, பிள்ளைக்குப் பழி வரக்கூடாது எண்டு உங்கடை தலையிலை போடுறியள். விளங்குது. இது உங்கடை பெரிய மனசு."

"இல்லைத் தம்பி. சத்தியமாச் சொல்லுறன்."

"பாத்தியே" என்று தாய் மகளிடம் திரும்பினா. "உனக்காக எவ்வளவு இறங்கிவந்து கதைக்கிறா. இப்பிடிப்பட்ட ஆளோடையோ நீ வாய் காட்டினனி?"

நான் குரலை உயர்த்திப் பார்த்தேன். நான் பொய் சொல்லேல்லை, கேளுங்கோ என்றேன். எவ்வளவுக்குச் சொன்னேனோ அவ்வளவுக்கு என்னை உயரத் தூக்கி வைத்தார்கள். வயதில் மூத்த ஒருத்தி, நாலு பேர் முன்னால் நிற்கிற ஒருத்தி, தெரிந்துகொண்டே ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்வாள் என்பது அவர்களுடைய மனசுக்குள் போகவே இல்லை. நல்ல சனம். அந்த நல்ல குணத்தில் முட்டி என் உண்மை திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது. அந்த அறையில் என்னை நம்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். மற்றது அவள்.

அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். கோபமில்லாமல், மைதானத்தில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"லீக்குக்கு எழுதினீங்களோ அன்ரி?"

"இல்லை."

"எப்ப வரைக்கும் எழுதலாம்?"

"நேற்று வரைக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு முடிவை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒருதரம், அவ்வளவுதான். தகப்பன், "அன்ரியை விசாரிக்கிறியோ? இரு" என்று அதட்டினார். அவள் இருந்தாள். கேக்கை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தேன், அவளுக்கும் கொடுத்தேன். அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். 

அவர்கள் போன கையோடு எழுதினேன். முதல்நாள் நாலு வரிக்கு வழி தெரியாமல் நின்றவள், அன்றைக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுதினேன். பந்து, கால், அவள் சொன்ன வார்த்தை, அதன் பொருள், இடைவேளையில் நடந்த கதை, என் பயம். அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, பைனலுக்கு நான் நிற்க மாட்டேன் என்றும் சொன்னேன்.  அவர், இதை நீங்கள் நேற்றுச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நாளைக்கு விளையாடியிருப்பாள் என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

பைனலுக்கு நான் போகவில்லை. அவளில்லாத அணி தோற்றுவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பல்கலைக்கழகக்காரர் வந்து பார்த்துவிட்டு வேறு யாரையோ எடுத்துக்கொண்டு போனாராம்.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு குழுவிடமிருந்து பதில் வந்தது. நடுவரின் வாக்குமூலத்தை ஏற்று அந்தச் சிவப்பு அட்டையை இரத்துச் செய்கிறோம், அந்த மாணவியின் பேரில் எந்தக் குற்றமும் இல்லை என்று இருந்தது. எனக்கு ஒரு பருவம் கல்லூரி ஆட்டங்கள் இல்லை, சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் மட்டும். அது நியாயம்தான். அந்தப் பதிலை அப்படியே தகப்பனுக்கு அனுப்பினேன். பிரெஞ்சு விளங்காமல் போய்விடுமோ என்று தமிழில் குரல் பதிவும் சேர்த்து அனுப்பினேன். தம்பி, இப்போதாவது நம்புங்கோ, பிள்ளையை விளையாட விடுங்கோ, அவளுக்கு இன்னும் வயதிருக்கிறது, நான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்று சொன்னேன்.

அடுத்தநாள் அவர் எழுதியிருந்தார்.

"நன்றி அக்கா. இதுக்காக நீங்கள் இவ்வளவு மினக்கெட்டது எங்களுக்குப் பெரிய காரியம். மகள் இப்ப பந்தடிக்குப் போறேல்லை, சப்பாத்தையும் ஆருக்கோ குடுத்திட்டாள். அண்டைக்குப் பிறகு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை, தானாத்தான் விட்டவள். வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை, எதிர்த்து ஒரு சொல் கதைக்கிறேல்லை. நீங்கள் அண்டைக்குக் கண்டிச்சது நல்லதாப் போச்சு."